வாட்ஸ்அப்பில் மூழ்கிப்போகும் இணைப்புகள்: ஆசிரியர்களுக்குக் கூட்டுப் புக்மார்க் உதவுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் காணொளி, பிடிஎஃப், செயலி என்று இணைப்புகள் வந்து விழுகின்றன. பாடம் நடத்தும் நாளில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. ஒரு பயிற்சியில் ‘சோஷியல் புக்மார்க்கிங் பயன்படுத்துங்கள்’, அதாவது இணைப்புகளைப் பலர் சேர்ந்து ஒரே இடத்தில் சேமித்துவையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தச் செயலி நல்லது, மாணவர்களையும் அதில் சேர்க்கலாமா என்று கேட்கிறார். அடுத்த மாதம் பி.எட். பயிற்சி மாணவர்களிடம் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம், என்ன பேசுவது என்றும் கேட்கிறார். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் ‘இதுவும் இன்னொரு பதிவேடு ஆகிவிடுமோ’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் டீச்சர். உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் அறிவியல் ஆசிரியராகத் தொடங்கி, பிறகு ஆசிரியப் பயிற்றுநராக மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களில் பல ஆண்டுகள் பயிற்சி நடத்தியவன். கணினி படித்தவன் இல்லை. வகுப்பறை பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். கருவிகள் பற்றிச் சொல்வதை, பயன்படுத்திப் பார்த்த ஒருவரின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பாடம் எடுக்கும் ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து, ஒவ்வொரு இணைப்போடும் ‘இதை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில், எதற்காகக் காட்டுவது’ என்று இரண்டு வரி எழுதத் தயாராக இருந்தால் இது மிகவும் பயன்படும். அந்த இரண்டு வரிக்குப் பொறுமை இல்லையென்றால் எந்தச் செயலியும் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும்.

சரி, இது என்ன சமாசாரம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உலாவியில் நட்சத்திரத்தை அழுத்திச் சேமிக்கிறோமே, அது தனி புக்மார்க். உங்கள் கணக்கோடு அடைந்து கிடக்கும். 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் என்ற அமெரிக்கர் தொடங்கிய டெலிஷியஸ் என்ற தளம் அதைப் பொதுவில் கொண்டுவந்து வைத்தது. சேமித்த பக்கத்துக்கு நீங்களே விருப்பப்படி குறிச்சொற்கள், அதாவது பிறகு தேடி எடுக்க உதவும் சிறு அடையாளச் சொற்கள், கொடுக்கலாம். அதே குறிச்சொல்லை வேறு யார் எந்தப் பக்கங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். நூலகத்தில் புத்தகத்துக்குப் பகுப்பு எண் போடுவது நூலகர். இங்கே வாசகர்களே ஆளுக்கொரு பெயர் போடுகிறார்கள், அந்தக் குவியலிலிருந்து ஓர் ஒழுங்கு தானாக உருவாகிறது. தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004-இல் இதற்கு ஃபோக்சானமி என்று பெயர் வைத்தார். நம் பக்கத்தில் பதிவுலகம் சூடாக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்குத் தமிழிஷ், இன்ட்லி எல்லாம் நினைவிருக்கும். அவை ஓட்டுப் போட்டு மேலே ஏற்றும் வகை. அன்றைக்குச் சூடான பதிவு எது என்று காட்டும், ஒரு வாரத்தில் அது கீழே போய்விடும். பள்ளிக்கு அது ஆகாது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ சேமித்த சரியான படம் இன்றைக்குக் கையில் கிடைக்க வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. பாடநூலிலேயே 2018 முதல் கியூஆர் குறியீடு இருக்கிறது, தீக்‌ஷா இருக்கிறது, 2023-இல் மணற்கேணி செயலியும் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொன்று? அவற்றுக்கு மாற்றாக நான் இதைச் சொல்லவில்லை. அவை அரசு தரும் பாடப்பொருள். அந்தக் காணொளியை நம் வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்பது அவற்றில் இருக்காது. அதை வகுப்பெடுத்த ஆசிரியர்தான் எழுத முடியும். மணற்கேணிக் காணொளியின் இணைப்பையே பட்டியலில் போட்டு, கீழே அந்தக் குறிப்பை எழுதலாம், தப்பில்லை.

இனி அந்த இரண்டு வரிக்கு வருகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘அருமையான வீடியோ, அனைவரும் பார்த்துப் பயன்பெறவும்’ என்று வரும் இணைப்பைப் பல நேரம் அனுப்பியவரே முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு வந்தது, நமக்குத் தள்ளினார். இப்போது ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ‘ஆவியாதல். முதல் இரண்டு நிமிடம் வெறும் முன்னுரை, வேண்டாம். 2:10-இலிருந்து 3:40 வரை மட்டும், ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டவும். அதற்கு முன்னால், உப்பளத்தில் பாத்தி எப்போது வெளுக்கத் தொடங்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கவும். காணொளியில் காட்டுவது குஜராத் உப்பளம். வாலிநோக்கம் பிள்ளைகள் இருந்தால் தங்கள் ஊர்ப் பாத்தியோடு ஒப்பிடட்டும்.’ இதை எழுத வேண்டுமானால் காணொளியைக் கடைசி வரை பார்த்தாக வேண்டும். பாடத்தில் அது எங்கே உட்காரும் என்று முடிவு செய்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று யோசித்தாக வேண்டும். பாடம் தயாரிப்பது என்பதே அதுதானே. அதனால்தான், இணைப்பு ஒருநாள் செத்துப்போனாலும் அந்தக் குறிப்பு வீணாகாது என்கிறேன். உப்பளத்துக் கேள்வியை வைத்து, காணொளி இல்லாமலேயே பாடம் நடத்திவிடலாம்.

இணைப்புகள் சாகத்தான் செய்யும், அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் திறக்க முடியாமல் போயிருந்தன. இணைப்பு மட்டுமல்ல, அதைச் சேமித்துவைக்கும் கடையும் மூடப்படும். டெலிஷியஸை 2005-இல் யாஹூ வாங்கியது. யூடியூபைத் தொடங்கிய சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் கைக்கு அது 2011-இல் போனது. இன்னும் கைமாறி, 2017-இல் போட்டித் தளமான பின்போர்டு அதை வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. மாக்னோலியா என்ற தளத்தில் 2009 ஜனவரியில் பயனர்களின் தரவே அழிந்துபோனது. ஆய்வாளர்கள் பயன்படுத்திய சைட்யூலைக் 2019-இலும், கூகுள் புக்மார்க்ஸ் 2021-இலும் மூடப்பட்டன. இப்போது சமீபத்தில், 2025 ஜூலை 8-ஆம் தேதி பாக்கெட் போனது. இவ்வளவு பெயரையும் பயமுறுத்துவதற்காக அடுக்கவில்லை. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், சேமித்ததை மொத்தமாக வெளியே எடுக்கும் ‘எக்ஸ்போர்ட்’ வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள் என்பதற்காகத்தான். பெரும்பாலான தளங்கள் எல்லா உலாவிகளும் திறக்கக்கூடிய ஒரே வகை ஹெச்டிஎம்எல் கோப்பாகக் கொடுத்துவிடும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறை தொடங்கும்போது ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துப் பள்ளிக் கணினியிலும் தன் மின்னஞ்சலிலும் போட்டுவைத்தால் போதும். முக்கியமான பக்கமாக இருந்தால் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்து ஒரு நகல் எடுக்கச் சொல்லலாம், காசு இல்லை. காணொளிக்கு அதை நம்ப முடியாது. சாதாரணப் பக்கங்களுக்குச் சரிப்படும்.

அடுத்தது குறிச்சொல். முன்பு சொன்ன ‘தானாக உருவாகும் ஒழுங்கு’ உண்மைதான், ஆனால் அதற்குக் கூட்டம் வேண்டும். ஹெச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹ்யூபர்மன் இருவரும் டெலிஷியஸ் தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. ஒரு பக்கத்தை ஏறக்குறைய நூறு பேர் சேமித்த பிறகுதான் அதற்குக் கொடுக்கப்படும் குறிச்சொற்களின் விகிதம் பெரிதாக மாறாமல் நிலைபெறுகிறது என்று கண்டார்கள். தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று நாலைந்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து ஆறு ஆசிரியர்கள் சேரும் குழுவில் எந்தப் பக்கத்தையும் நூறு பேர் சேமிக்கப் போவதில்லை. ஆகவே ‘அவரவர் விருப்பப்படி குறிச்சொல் போடுங்கள், தானாகச் சரியாகிவிடும்’ என்று பயிற்சியில் சொல்வது சின்னக் குழுவுக்குப் பொருந்தாது. கடற்பசு, கடல்பசு, இடைவெளி விட்டுக் கடல் பசு, ஆவுளியா, டுகாங் என்று ஒரே விலங்கு ஐந்து இடத்தில் கிடக்கும். சில கருவிகள் இடைவெளி வந்தாலே இரண்டு குறிச்சொல்லாக உடைத்துவிடும், அப்போது ‘நீர் சுழற்சி’ இரண்டு துண்டாகிவிடும். தமிழில் வேற்றுமை உருபும் பன்மையும் ஒட்டுவதால் தாவரம், தாவரங்கள், தாவரங்களில் மூன்றும் மூன்று பட்டியல்.

இதற்கு நான் பயிற்சிகளில் சொல்லிவந்த ஏற்பாடு எளிமையானது. முதல் கூட்டத்திலேயே குறிச்சொல் பட்டியலை ஒரே தாளில் அடங்கும்படி எழுதிவிடுங்கள். பாடப்பொருளின் பெயர் பாடநூலில் இருக்கும் எழுத்திலேயே, ஒருமையில், உருபில்லாமல். இரண்டு சொல் வந்தால் நடுவில் சிறுகோடு. அதோடு வகுப்பு எண். அதோடு காணொளி, படம், செயல்பாடு, வாசிப்பு, வினா என்று ஐந்தே வகை. மொத்தம் முப்பதைத் தாண்ட வேண்டாம். ஊர் வழக்குப் பெயர்களைக் குறிச்சொல்லில் போடாமல் குறிப்புக்குள் எழுதுங்கள். ‘இங்கே ஆவுளியா என்பார்கள்’ என்று ஒரு வரி இருந்தால் தேடும்போது அதுவும் அகப்படும், பட்டியலும் கெடாது. புதுக் குறிச்சொல் வேண்டுமென்றால் குழுவில் கேட்டுவிட்டுச் சேர்ப்பது. கொஞ்சம் கெடுபிடியாகத் தெரியும். ஆனால் இரண்டாம் பருவத்தில் தேடிப் பார்க்கும்போது அருமை தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வினாத்தாள்களும் கையேடுகளும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. அவை யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் இல்லாததால் தமிழில் தேடினால் கூகுளுக்குக் கண்ணே தெரியாது. நீங்கள் யூனிகோடில் ஒரு குறிச்சொல்லும் குறிப்பும் எழுதிவிட்டால் அந்தக் கோப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேடலில் சிக்குகிறது.

நம் கரையோரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தியைப் பாடத்தோடு சேர்க்கும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், ஆனால் அந்தச் செய்திகள்தான் வேகமாகப் பழசாகின்றன. பாம்பன் பாலத்தைப் பற்றி எத்தனையோ நல்ல பக்கங்கள் 1914-இல் திறந்த பாலத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. கடற்பசு பற்றி 2022-க்கு முன்னால் எழுதிய எந்தப் பக்கத்திலும் பாக் விரிகுடாவின் பாதுகாப்பகம் இருக்காது. அது அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலும் அப்படித்தான். நம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-இல் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025-இல். ஆகவே ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் ‘பார்த்தது’ என்று மாதமும் ஆண்டும் போடுங்கள். பக்கம் எழுதப்பட்ட ஆண்டு தெரிந்தால் அதையும் போடுங்கள். பழைய பக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘இதில் விட்டுப்போனது என்ன’ என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே ஒரு நல்ல செயல்பாடு.

கடலைப் பற்றி எடுக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகத் திறந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் படங்களும் வரைபடங்களும் நம்பகமானவை. மீன்களின் தமிழ்ப் பெயர்களுக்குப் பிள்ளைகளின் வீட்டாரை விடப் பெரிய களஞ்சியம் இல்லை. தென்கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு பெயரும் வடகடல் என்கிற பாக் விரிகுடாப் பக்கம் வேறு பெயரும் சொன்னால் இரண்டையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அடித்துச் சொல்லும் இன்னொரு பழக்கம், நிராகரித்ததையும் சேமிப்பது. ‘வேண்டாம்’ என்று ஒரு குறிச்சொல் வைத்து, ஏன் வேண்டாம் என்று ஒரு வரி. ‘பவளப்பாறையைத் தாவரம் என்று சொல்கிறார்.’ ‘பாதிக்கு மேல் விளம்பரம்.’ ‘வரைபடத்தில் மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் மாற்றிப் போட்டிருக்கிறார்.’ பளபளப்பான தலைப்போடு இருக்கும் இப்படிப்பட்ட இணைப்பைத்தான் வாட்ஸ்அப் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அனுப்பும். ஒருவர் பார்த்து ஒதுக்கியதை இன்னும் ஐந்து பேர் இருபது நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டியதில்லை. நல்லதைச் சேர்ப்பதை விட இதில்தான் அதிக நேரம் மிச்சம் என்பது என் அபிப்பிராயம்.

எந்தக் கருவி என்பதற்கு நீளமாக எழுத மாட்டேன், நாளைக்கே மாறிவிடும். இன்றைய நிலையில் ரெயின்ட்ராப் பயன்படுத்த எளிது. இலவசக் கணக்கிலேயே எண்ணிக்கை வரம்பில்லாமல் சேமிக்கலாம், ஒரு தொகுப்பைப் பலர் சேர்ந்து நிரப்பலாம், கைபேசியில் ‘பகிர்’ பொத்தானிலிருந்தே உள்ளே அனுப்பலாம். 2006-இலிருந்து இருக்கும் டீகோவில் பக்கத்தின் வரிகளை மஞ்சள் அடித்துக் குறிப்பெழுதும் வசதி உண்டு, வாசிப்புப் பாடங்களுக்கு அது அழகு. பி.எட்., எம்.எட். ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஸொடேரோவுக்குப் போய்விடுங்கள். திறந்த மூல மென்பொருள், குழு வசதி உண்டு, மேற்கோள் பட்டியலையும் தானே போட்டுத் தரும். பேட்லெட் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சில பலகைகளுக்கு மேல் இலவசமில்லை. இதெல்லாம் தலைவலி என்று குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தால், கூகுள் ஷீட்டில் ஆறு பத்தி போட்டு முடித்துவிடுங்கள்: இணைப்பு, பாடம், வகுப்பு, வகை, குறிப்பு, பார்த்த மாதம். எல்லாருக்கும் தெரிந்த கருவி, வடிகட்டித் தேடலாம், பதிவிறக்கலாம். கெட்டிக்காரச் செயலியில் ஒருவர் மட்டும் எழுதுவதை விட சாதாரண ஷீட்டில் ஆறு பேர் எழுதுவது எவ்வளவோ மேல்.

வாட்ஸ்அப் குழுவை மூடச் சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வருவது வரட்டும். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருவர், முறை வைத்து, அந்த வாரம் வந்ததில் தேறுவதை மட்டும் குறிப்போடு பட்டியலுக்கு மாற்றுவது. வாரத்துக்கு இரண்டு மூன்று தேறினாலே நிறைய.

நெட் விஷயம் உங்களுக்கே தெரியும். கரையோரக் கிராமங்களில் பள்ளிக்குப் பள்ளி சிக்னல் மாறும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு நம்மை வரவேற்கும். ஆகவே வகுப்பு நேரத்தில் இணைப்பைத் திறந்து காட்டுவதாகத் திட்டமிடாதீர்கள். முந்தின நாளே பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். தீக்‌ஷாவில் பதிவிறக்க வசதி இருக்கிறது. பட்டியலில் ‘நெட் இல்லாமல் ஓடும்’ என்று ஒரு குறிச்சொல் இருந்தால் அதைத்தான் எல்லாரும் முதலில் சொடுக்குவார்கள்.

மாணவர்களைச் சேர்ப்பது பற்றி: கணக்குத் தொடங்கவைக்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுநிலைப் பள்ளியில் பலர் பதின்மூன்று வயதைத் தொடாதவர்கள், பல தளங்களின் விதியே அவர்களை அனுமதிக்காது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். எந்தச் செயலி அதை ஒழுங்காகச் செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்க ஆசிரியருக்கு நேரமில்லை. அதற்குப் பதில், உங்கள் தொகுப்பில் ‘எட்டாம் வகுப்புக்கு’ என்று ஒரு பகுதியைப் படிக்க மட்டும் திறந்து வைக்கலாம். சேர்க்க விரும்பும் பிள்ளை தாளில் எழுதித் தரட்டும்: என்ன பார்த்தேன், யார் எழுதியது, ஏன் நம்பலாம், வகுப்பில் யாருக்கு உதவும். நான்கு பேர் கொண்ட குழு உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலோ ஆசிரியரின் கைபேசியிலோ பார்த்து எழுதினால், ஆசிரியர் தன் கணக்கிலிருந்து சேர்ப்பார். ‘ஏன் நம்பலாம்’ என்ற அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் எழுதும் பதில்களைப் படித்துப் பாருங்கள். ‘கூகுளில் முதலில் வந்தது’ என்று பாதிப் பேர் எழுதினால், அடுத்த பாடம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பி.எட். மாணவர்களுக்கான அந்த ஒரு மணி நேரம். கருவியைத் திரையில் போட்டு, ‘இங்கே அழுத்துங்கள், அங்கே அழுத்துங்கள்’ என்று காட்டுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இந்தத் தலைமுறை அதைப் பத்து நிமிடத்தில் தானே கண்டுபிடித்துவிடும். அவர்களிடம் இல்லாதது தேர்ந்தெடுக்கும் பழக்கம். நீங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரே ஒரு பாடப்பொருளைச் சொல்லி அனுப்புங்கள், அலையாத்திக் காடு என்று வைத்துக்கொள்வோம், காரங்காடு அருகிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு இணைப்பு கொண்டு வரட்டும். வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து, கொண்டுவந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, மற்ற இரண்டை ஏன் விட்டோம் என்று எழுதட்டும். அதற்கு இருபத்தைந்து நிமிடம் கொடுங்கள், சத்தம் வரும், வரட்டும். எந்த வகுப்புக்கு, எந்த நிமிடத்தில், முன்னால் என்ன கேட்பது என்று சண்டை போடுவார்கள். பாடத்திட்டம் எழுதும்போது ‘துணைக்கருவி: காணொளி’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிற பழக்கம் அந்தச் சண்டையில்தான் உடைகிறது. மீதி நேரத்தில் அவர்கள் எழுதியதைச் சேமித்து, குறிச்சொல் போடச் சொல்லுங்கள். பத்துக் குழுவும் பத்து விதமாகப் போடும், பொதுப் பட்டியல் எதற்கு என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அந்த ஒரு மணி நேரத்தோடு முடியாமல், அவர்களின் கற்பித்தல் பயிற்சிக் காலத்துக்கும் நீண்டால் இன்னும் நல்லது. பேராசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்திய அன்று மாலை அதே இணைப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு எழுதவேண்டும்: நினைத்தபடி நடந்ததா, பிள்ளைகள் எங்கே கேள்வி கேட்டார்கள், எங்கே கவனம் போனது. நடத்துவதற்கு முன் எழுதிய குறிப்பும் நடத்திய பின் எழுதிய குறிப்பும் அருகருகே இருக்கும்போது, வழிகாட்டி ஆசிரியர் அதைப் படித்தே நிறையச் சொல்லிவிட முடியும். வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க எல்லா நாளும் யாருக்கும் முடிவதில்லை அல்லவா. அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு முந்தின ஆண்டுக் குறிப்புகள் கிடைக்கும். பயிற்சிக் கல்லூரிகளில் நல்ல பாடத்திட்டக் குறிப்பேடுகள் மதிப்பெண் போட்டதும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. இது போகாது. ஒரே எச்சரிக்கை, எண்ணிக்கைக்கு மதிப்பெண் வைக்கக் கூடாது. ‘ஆளுக்கு இருபது இணைப்பு’ என்று உத்தரவு போட்ட பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் இரவு கூகுளின் முதல் பக்கத்தை அப்படியே அள்ளிக் கொட்டியிருப்பார்கள். பருவத்துக்கு மூன்று குறிப்பு போதும், முன்னும் பின்னும் எழுதியதாக.

எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைத் தயங்கிச் சொல்கிறேன் என்று பிரித்துவிடுகிறேன். இணைப்புகள் சாவதும், தளங்கள் மூடப்படுவதும், சின்னக் குழுவில் குறிச்சொற்கள் சிதறுவதும் உறுதியானவை. குறிப்பு எழுதும் ஆசிரியரின் பாடத் தயாரிப்பு கூர்மையாகிறது என்பது நான் பயிற்சிகளில் திரும்பத் திரும்பக் கண்டது, ஆனால் கண்டது மட்டுமே, அளந்து நிரூபித்தது அல்ல. எழுத ஒப்புக்கொள்கிறவர்கள் முதலிலேயே அக்கறையுள்ளவர்கள் என்பதும் அதில் கலந்திருக்கலாம். இதனால் மாணவர்களின் மதிப்பெண் உயரும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள், நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் முழுக்கத் தொடக்க, நடுநிலைப் பள்ளி அறிவியலும் சமூக அறிவியலும். கணக்குக்கும் மொழிப்பாடத்துக்கும் இதே முறை பொருந்துமா என்பதை அந்தப் பாட ஆசிரியர்கள் யாராவது கீழே எழுதினால் நல்லது.

பதிவேடு ஆகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆகும், மேலிருந்து உத்தரவாக வந்தால். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தரவுத் தளத்தில் ஏற்றுவது போல இதையும் வாரம் ஒருமுறை காட்ட வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் அன்றோடு குறிப்புகள் செத்துவிடும், இணைப்புகள் மட்டும் பெருகும். ஆகவே பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் அறிவிக்காமல், உங்களுக்குப் பழக்கமான நான்கைந்து அறிவியல் ஆசிரியர்களோடு சத்தமில்லாமல் தொடங்குங்கள். ஒரு பருவம், மூன்றே பாடம். அந்த மூன்று பாடத்துக்கும் அடுத்த ஆண்டு நீங்களே அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். திறக்கவில்லையென்றால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள். திறந்தால் மற்றவர்களைச் சேருங்கள். எந்த மூன்று பாடம் என்று இங்கே எழுதினால், தொடக்கக் குறிச்சொல் பட்டியல் ஒன்றைப் போட்டுத் தருகிறேன்.